ப்ரைமர் அடிக்காத ரோபோ

கடவுள் இந்த உலகத்தைப் படைத்தபோது அவசரத்தில் ப்ரைமர் அடிக்க மறந்துவிட்டார் என்று மனதார நம்பிய ஒரே மனிதருக்குப் பக்கத்து அறையில் ஆறு வருடம் குடியிருந்தவன் நான். கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில் வரிசையாக எட்டு அறைகள் கொண்ட லைன் வீடு. ஐந்தாம் நம்பரில் நானும் என் சாக்பீஸ் டப்பாவும். ஆறாம் நம்பரில் அவரும் ஒரு ரோபோவும்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். மற்றபடி வாட்ச்மேன் தொடங்கி பிளான்ட் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் ‘ப்ரைமர்’தான். விவசாய பம்புகளுக்கு மூடி செய்யும் எங்கள் கம்பெனியில் அவர் ஸ்ப்ரே பெயின்டர். பெயின்ட் பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இரும்பின் மேல் நேராக நிறத்தைப் பூசினால் நிற்காது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஓர் அடிப்பூச்சு கொடுக்க வேண்டும். அந்த அடிப்பூச்சுதான் ப்ரைமர். நம்மவருக்கு அது அடிப்பூச்சு மட்டும் அல்ல, வாழ்க்கைத் தத்துவம்.

புதிதாகப் போட்ட தார் ரோடு முதல் மழையிலேயே பெயர்ந்து வந்தது. “ப்ரைமர் குடுக்கல சாரு” என்றார். எங்கள் சூப்பர்வைசரின் கல்யாணம் மூன்றே மாதத்தில் முறிந்துபோனது. கேன்டீனே சோகமாக இருந்தது. இவர் மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே, “பொண்ணு பாத்த அன்னிக்கே தட்டு மாத்திக்கினானுங்கோ. நேரா டாப் கோட் அடிச்சா எப்டி நிக்கும்?” என்றார். முகத்துக்குப் பவுடர் போடுவதென்றாலும் முதலில் துளி தேங்காய் எண்ணெய் தடவி, துணியால் துடைத்து, ஐந்து நிமிடம் காயவிட்டுத்தான் போடுவார். அந்த ஐந்து நிமிடத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

இனி என்னைப் பற்றி. நான் அந்தக் கம்பெனியில் தரப் பரிசோதகர். ப்ரைமர் அடித்து அனுப்பும் மூடிகளை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்து, கீறலோ தூசியோ இருந்தால் அந்த இடத்தைச் சுற்றி சாக்பீஸில் வட்டம் போடுவது என் வேலை. வட்டம் விழுந்தால் மூடி ரிஜெக்ட். இதனால் எனக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது என்றும் அது ‘சாக்பீஸ்’ என்றும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நாள் நாற்பது மூடிகளுக்கு வரிசையாக வட்டம் போட்டேன். எல்லா மூடியிலும் ஒரே மாதிரி, மெல்லிய ஒற்றைக் கீறல். ப்ரைமர் வந்தார். ஒரு மூடியை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். பிறகு என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“சாரு, கீறல் இங்க கீது.”

நாற்பது வட்டத்தையும் நானே ஈரத்துணி வைத்து அழித்தேன். அதைப் பார்க்க இரண்டு ஷிப்ட் ஆட்களும் நின்றார்கள்.

எங்கள் தொழிலில் மஞ்சள் சீட்டு என்று ஒன்று உண்டு. ஒரு பொருளில் குறை இருக்கிறது, ஆனால் அந்தக் குறையால் உபயோகத்துக்குக் கெடுதல் இல்லை என்றால், பரிசோதகர் குறையை மஞ்சள் அட்டையில் எழுதி, ‘ஏற்கலாம்’ என்று கையெழுத்துப் போட்டுக் கட்டிவிடலாம். சலுகைதான். நான் ஒரு முறைகூட அப்படிக் கையெழுத்துப் போட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. ப்ரைமர் எவ்வளவோ கேட்டிருக்கிறார். “நல்ல மூடி சாரு. மூலைல ஒரு தூசி. ஒரு மஞ்ச சீட்டு எழுதக் கூடாதா?” மாட்டேன் என்பேன். அவரும் கோபப்படாமல் மூடியை எடுத்துப் போய்ச் சுரண்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து அடிப்பார். முதலிலிருந்து என்றால் ப்ரைமரிலிருந்து.

ரோபோவுக்கு வருகிறேன்.

பஜாரில் பிளாட்பாரக் கடையில் அவர் ஒரு வி.சி.டி. வாங்கினார். தமிழில் டப் செய்த ஏதோ ஓர் அந்நிய தேசத்துப் படம். அட்டையில் ஒரு பெயர், தட்டில் ஒரு பெயர், படம் ஓடும்போது திரையில் இன்னொரு பெயர் என்று மூன்று பெயர்கள் இருந்ததால், எது சரியான பெயர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏதோ கிரகத்தில் ஒரு சுரங்கம். அங்கே மஞ்சள் நிறத்தில், ஒற்றைக் கண்ணோடு ஒரு ரோபோ வேலை செய்கிறது. அது கதாநாயகன் இல்லை, பேசவும் பேசாது. மொத்தப் படத்தில் பதினோரு நிமிடம் வரும். கடைசியில் சுரங்கம் இடியும்போது இரும்புக் கதவு மூடிக்கொள்ளப் பார்க்கிறது. ரோபோ அதைக் கையால் தாங்கிப் பிடிக்கிறது. எல்லோரும் அதன் கைக்குக் கீழே குனிந்து ஓடி, கப்பலில் ஏறிப் போய்விடுகிறார்கள். ரோபோ கதவைப் பிடித்தபடி அங்கேயே நிற்கிறது. அவ்வளவுதான்.

அந்தக் கடைசிக் காட்சியை ப்ரைமர் எத்தனை தடவை போட்டிருப்பார் என்று கணக்கில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்கே வசனம் மனப்பாடம்.

“அதுல இன்னாதான் இருக்கு?” என்று ஒரு நாள் கேட்டேன். அதற்குள் எனக்கும் ‘இன்னா’ வந்துவிட்டிருந்தது.

“அத்த ஏன் கப்பல்ல ஏத்தல தெரியுமா சாரு?”

“தெரியலையே.”

“அது கான்ட்ராக்ட்டு. மத்தவங்கல்லாம் பர்மனென்ட்டு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவரே எங்கள் கம்பெனியில் ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்ட். மனைவி கஸ்தூரியும் பள்ளிக்கூடம் போகும் மகளும் ஆரணியில், கஸ்தூரியின் அம்மா வீட்டில் இருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஆரணிக்குப் போவார், ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவார். “பர்மனென்ட்டு ஆனா இந்த ரூம காலி பண்ணிட்டு, சமையக்கட்டு வச்ச ஊடா ஒண்ணு பாப்பேன் சாரு. அதுங்க ரெண்டையும் இட்டாந்துடுவேன்” என்று வருடம் தவறாமல் சொல்வார். வருடம் தவறாமல் பட்டியலில் வேறு யார் பெயராவது வரும்.

இந்த நிலைமையில்தான் அந்த ரோபோவை அச்சு அசலாகச் செய்யப் போகிறேன் என்று கிளம்பினார்.

பழவேற்காட்டிலிருந்து வந்து பஜாரில் காயலான் கடை வைத்திருந்த பாய்தான் சப்ளையர். முதலில் பாய்க்கு இதில் நம்பிக்கையே இல்லை. ஆனால் ஒரு மாதம் போனதும் பழைய இரும்பு எது வந்தாலும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, “இது உங்காளு முட்டிக்கு ஆவுமான்னு பாருங்க” என்று ஆள் அனுப்ப ஆரம்பித்துவிட்டார். தலைக்கு வெடித்துப்போன பிரஷர் குக்கர் கிடைத்தது. உடம்பு, ஒரு வாஷிங் மெஷினின் டிரம். கைக்கும் காலுக்கும் பி.வி.சி. பைப். மார்புக் கவசம் எங்கள் கம்பெனி கழித்துப் போட்ட பம்பு மூடிகள். அதில் ஒன்றில் என் சாக்பீஸ் வட்டம் அப்படியே இருந்தது. “நீங்க போட்ட ஆபரணம் சாரு” என்றார்.

கண் மட்டும் எதிலும் அமையவில்லை. படத்தில் அந்தக் கண்ணைச் சுற்றிப் பல் பல்லாக ஒரு வளையம் இருக்கும். எங்களுக்கு அடுத்த காம்பவுண்டில் ஒரு மோல்டிங் கம்பெனி. அங்கே வெளிநாட்டிலிருந்து ஒரு மெஷின் வந்து இறங்கியிருந்தது. கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால், பிளாஸ்டிக்கை உருக்கி நூல் நூலாக அடுக்கி, பொருளையே அச்சடித்துக் கொடுக்கும். அந்தக் காலத்தில் அது மாயாஜாலம். அதன் ஆபரேட்டருடைய பைக் டாங்கிக்கு இலவசமாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்து, ப்ரைமர் தன் கண்ணை அச்சடித்து வாங்கினார்.

கேட்டில் மாட்டிக்கொண்டார். பொருளை வெளியே எடுத்துப் போகக் கொடுத்த சீட்டில் ‘பிரின்ட் செய்த வளையம் - 1’ என்று எழுதியிருந்தது.

“பிரின்ட்டுன்னு போட்டுக்கீது. பேப்பர் எங்க?” என்றார் அந்தக் கம்பெனி வாட்ச்மேன்.

“பேப்பர் இல்லாத பிரின்ட்டு நைனா இது.”

“பேப்பர் இல்லாம எப்டிப்பா பிரின்ட்டு? யார்கிட்ட கத வுடுற?”

ஒரு மணி நேரம் வழக்கு நடந்தது. கடைசியில் வாட்ச்மேனே ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து வளையத்தைச் சுற்றினார். “இப்ப பேப்பர்ல கீது. எடுத்துக்கினு போ” என்று அனுப்பிவைத்தார்.

மார்பில் ஒட்டும் எழுத்துகளை பஜார் ஸ்டிக்கர் கடையில் கொடுத்தார். படத்தைப் பார்த்துத் தாளில் வரைந்து கொடுத்த ஏதோ அந்நிய லிபி. யாருக்கும் படிக்கத் தெரியாது. கடைக்காரர் பிரமாதமாகவே செய்திருந்தார். ஆனால் ஆட்டோ, ஷேர் ஆட்டோ, கல்யாண வேன் என்று எதற்கு எழுதினாலும் ஓரத்தில் தன் கடை பெயரைப் போடுவது அவர் வழக்கம். வேற்றுக் கிரகத்து ரோபோவின் நெஞ்சிலும் கீழ் மூலையில் பொடி எழுத்தில் கடை பெயரைப் போட்டு, பக்கத்தில் இரண்டு ரோஜாப்பூவும் வைத்திருந்தார். அந்த மூலையை ப்ரைமர் பிளேடால் வெட்டி எடுத்ததில் கடைக்காரருக்குக் கடைசிவரை மனத்தாங்கல்.

எல்லாம் கூடி, ஐந்தரை அடி உயரத்தில் எழுந்து நின்றது. நூல் நூலாகத் தெரிந்த கண் வளையத்தை, “இடியாப்பம் மாரி கீது சாரு” என்று முகம் சுளித்து, பதினான்கு நாள் பட்டி பூசித் தேய்த்து வழவழப்பாக்கினார். பிறகு உடம்பு முழுக்க ப்ரைமர். அதன் மேல் மஞ்சள். அந்த மஞ்சளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விளக்குக்கு எதிரே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு தூசி இல்லை, ஒரு திட்டு இல்லை. என் வாழ்க்கையில் வட்டம் போட வழியில்லாமல் போன ஒரே பொருள் அது.

மறுநாள் மாலை சுவருக்கு அந்தப் பக்கம் ‘கர்ர்... கர்ர்’ என்று சத்தம். பதறிக்கொண்டு ஓடினேன்.

“ப்ரைமர்! யாரோ உங்க ரோபோவைக் கீறுறாங்க!”

“நாந்தான் சாரு.”

கையில் ஆணியோடு உட்கார்ந்திருந்தார். டி.வி.யில் படம் அசையாமல் நின்றது. படத்தில் அந்த ரோபோ புதிது இல்லையாம். சுரங்கத்தில் பல காலம் உழைத்துத் தேய்ந்ததாம். எனவே அதன் உடம்பில் எந்த இடத்தில் எவ்வளவு நீளத்தில் கீறல் இருக்கிறதோ, அதே இடத்தில் அதே நீளத்தில் இதற்கும் வேண்டுமாம்.

“ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு காரணம் கீது சாரு. இது கதவு இடிச்சது. இது கல்லு வுழுந்தது. தோள்ல கீதே, அது தெனமும் மூட்ட தூக்கித் தேஞ்சது.”

காலையிலிருந்து மாலைவரை ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கும் மனிதர், அறைக்கு வந்து ஒன்றரை வருடம் கீறல் போட்டார். நிறுத்தி வைத்த காட்சியைப் பார்த்து அளவெடுக்கும்போது கரண்ட் போகும். வந்ததும் படம் முதலிலிருந்து ஓடும். மறுபடியும் கதவுக் காட்சி வரும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். துருவுக்கு உப்பும் டீ டிகாக்‌ஷனும். அழுக்குக்குப் பழைய என்ஜின் ஆயில். அதைத் துணியில் தொட்டு, உடம்பெல்லாம் தேய்த்துத் தேய்த்து ஊற வைத்தார். ஒரு முறை கஸ்தூரி மகளோடு வந்து பார்த்துவிட்டு, “சோறு கேக்காம நிக்கிது. இருந்துட்டுப் போவட்டும்” என்று தீர்ப்புச் சொன்னார்.

எனக்கு மட்டும் மனது ஆறவில்லை. அந்த மஞ்சளைப் பார்த்தவன் நான்.

விஷயம் பிளான்ட் மேனேஜர் காதுக்குப் போனது. அவர் ப்ரைமரைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“ஆயுத பூஜைக்கு அந்த ரோபோவைக் கொண்டு வந்து வாசல்ல நிறுத்துய்யா. எம்.டி. வர்றார். இந்த வருஷம் பெயின்ட் ஷாப்புக்கு ஒரு பர்மனென்ட் போஸ்ட் இருக்கு. அவருக்குப் பிடிச்சுதுன்னா அங்கேயே உன் பேரைச் சொல்லிடறேன்.”

தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை என்றால் தீபாவளியைவிடப் பெரிது. ஒரு வாரம் உற்பத்தி மந்தமாகி, கிரீஸ் துடைப்பதும் பெயின்ட் அடிப்பதும்தான் நடக்கும். மெஷின், டிராலி, கைப்பிடிக் கம்பி, சைக்கிள் ஸ்டாண்டு என்று அசையாத எல்லாவற்றுக்கும் பெயின்ட் விழும். குடும்பத்தை உள்ளே விடுவதும் அந்த ஒரு நாள்தான். எனவே ப்ரைமர் முதல் நாள் காலையில் பாயின் குட்டி யானை வண்டியில் ரோபோவைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டு, மனைவியையும் மகளையும் அழைத்து வர மத்தியானமே ஆரணிக்குக் கிளம்பினார்.

“சாரு, பாத்துக்குங்க. யாரும் தொடாம.”

“நான் இருக்கேன், போங்க” என்றேன்.

இருந்தேன். அதுதான் வினை.

சாயங்காலம் பார்த்தால் வாசல் முழுக்கப் பளபளப்பு. வாழை மரம், மாவிலைத் தோரணம், புதுப் பெயின்ட் வாசனை. நடுவில் துருவும் கீறலும் எண்ணெய்ப் பிசுக்குமாக ரோபோ. அந்த வழியாகப் போன ஆபீஸ் ஆள் ஒருவர், “யாருய்யா இந்தக் காயலான் சரக்கை இங்க வச்சது?” என்று கேட்டுவிட்டுப் போனார். எம்.டி.யும் இதையேதானே கேட்பார்? அவருக்கு அந்தப் படம் தெரியுமா, கதவு தெரியுமா? ‘நம்ம பெயின்டரோட லட்சணம் இதுதானா?’ என்றுதானே நினைப்பார்? கஸ்தூரியின் சமையல்கட்டு என் கண்ணெதிரே கைநழுவிப் போவது போல் இருந்தது. கீறல்தானே, பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு கட்டினேன். கீறலைத் தேடியே பிழைத்தவனுக்குக் கீறலின் அருமை எப்படித் தெரியும்?

திறந்து கிடந்த டப்பாவிலிருந்து மஞ்சள் எனாமலை ஊற்றி, ஸ்ப்ரே துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. இரண்டே மணி நேரத்தில் வேலை முடிந்தது. பளபளவென்று ஜொலித்தது. காய்ந்துவிட்டதா என்று பார்க்க இடது கைக்குக் கீழே கட்டை விரலை வைத்தேன். காயவில்லை. என் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. அந்தப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டு, ஏதோ புண்ணியம் செய்தவனாக அறைக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் ப்ரைமர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். கஸ்தூரி பட்டுப்புடவை, மகள் தலையில் கனகாம்பரம். வாசலில் மூன்று பேரும் நின்றார்கள். ப்ரைமர் ரோபோவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“இன்னாங்க, புச்சா கீது?” என்றார் கஸ்தூரி.

அவர் பதில் சொல்வதற்குள் எம்.டி.யின் கார் வந்துவிட்டது.

நான் கணக்குப் போட்டபடியே எல்லாம் நடந்தது. எம்.டி. ரோபோவுக்கு முன்னால் நின்றார். “பிரமாதமா இருக்கே! எந்த ஷோரூம்ல வாங்கினீங்க?” என்றார். பிளான்ட் மேனேஜர் பெருமையோடு, “நம்ம கான்ட்ராக்ட் பெயின்டர் செஞ்சது சார்” என்று ப்ரைமரை முன்னால் தள்ளினார்.

“நீங்களே பெயின்ட் அடிச்சீங்களா?”

தலையை ஆட்டினால் போதும். ஒரே ஓர் ஆட்டல்.

“செஞ்சது நான் சார். பெயின்ட்டு நான் அடிக்கல.”

“சரி, உங்க ஆளுங்க யாராவது அடிச்சிருப்பாங்க. நல்லாத்தானே இருக்கு?”

“நல்லால்ல சார். ப்ரைமர் இல்ல.”

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எம்.டி.யும் ஏதோ தமாஷ் என்று சிரித்தபடி, அடுத்த மெஷினுக்குக் குங்குமம் வைக்க நகர்ந்துவிட்டார். பிளான்ட் மேனேஜர் மட்டும் ப்ரைமரை ஒரு முறை முறைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார். ‘நான்தான் அடித்தேன் சார்’ என்று சொல்ல எனக்கு மூன்று விநாடி கிடைத்திருக்கும். கையில் பொரிப் பொட்டலத்தோடு நின்றேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

கஸ்தூரிதான் என்னிடம் வந்தார். “நீங்க இன்னாத்துக்கு சார் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீறீங்க? அந்தாளு வாயில பொய் வராது. வந்தாலும் நான் கண்டுபுடிச்சிருவேன். நாஷ்டா துன்னீங்களா?” என்றார். அதற்கு அவர் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து, ப்ரைமர் என் கதவைத் தட்டினார்.

“சாரு, சாக்பீஸ் குடு.”

அதுவரை ‘குடுங்க’ என்றவர். கொடுத்தேன். பாயின் வண்டியில் திரும்பி வந்திருந்த ரோபோவை என் ட்யூப் லைட்டுக்கு எதிரே நிறுத்தி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்து வட்டம் போட ஆரம்பித்தார். வழிந்த இடம் ஒரு வட்டம். தூசி உட்கார்ந்த இடம் ஒரு வட்டம். திட்டுத் திட்டாக நின்ற இடம் ஒரு பெரிய வட்டம். பதினாறு வந்தது. கடைசியாக இடது கையைத் தூக்கிப் பார்த்தார்.

“இது யாரு விரலு?”

“என்னுது.”

பதினேழு.

“எண்ணெயத் தொடச்சியா?”

“இல்ல.”

“உப்புத்தாள் போட்டியா?”

“இல்ல.”

“ப்ரைமர்?”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே ரோபோவின் தோளில் நகத்தை வைத்து நெம்பினார். என் மஞ்சள் பெயின்ட் கையகலத்துக்குத் தோலாக உரிந்து வந்தது. அடியில் மூட்டை தூக்கித் தேய்ந்த அந்தக் கீறல், கொஞ்சமும் கெடாமல் அப்படியே இருந்தது.

“என்ஜின் ஆயில் மேல அடிச்சா எவன் பெயின்ட்டு நிக்கும்? நல்ல வேள சாரு, நீ ஒண்ணுமே கத்துக்கல!”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “ஒரு தலையாட்டல்ல பர்மனென்ட் ஆயிருப்பீங்களே” என்றேன்.

“ஆயிருப்பேன். அப்பால நாளைக்கு நான் அடிச்சத நீ ரிஜெக்ட்டு பண்ணா, இன்னா மூஞ்ச வச்சிக்கினு உன்னாண்ட சண்ட போடுவேன்?”

மறுநாளே பிளான்ட் மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன். “இதை ஏன்யா நேத்தே சொல்லல?” என்றார். தீபாவளி முடிந்து பட்டியல் ஒட்டினார்கள். வேறு பெயர்தான் இருந்தது.

பொங்கல்வரை தினமும் மாலையில் ஆறாம் நம்பரில் உட்கார்ந்து நகத்தாலும் பிளேடாலும் என் பெயின்ட்டை உரித்தேன். சில இடங்களில் அது அழுத்தமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த இடங்களைச் சுரண்டிவிட்டு, கீறலைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. ரிமோட் என் கையில், ஆணி அவர் கையில். பிறகு ஆணியையும் என்னிடம் கொடுத்தார். முதல் கீறலைப் படத்தோடு மூன்று தடவை அளந்து பார்த்துவிட்டுத்தான் போட்டேன். இது கதவு இடித்தது, இது கல் விழுந்தது என்று எனக்கும் பார்க்கத் தெரிந்தது. கைக்குக் கீழே மட்டும் எண்ணெய் படாததால், அங்கே என் மஞ்சள் அசையாமல் உட்கார்ந்துவிட்டது. நடுவில் என் கட்டை விரல். உப்புத்தாள் போட்டு எடுத்துவிடுகிறேன் என்றால், “இருக்கட்டும் வுடு” என்பார்.

அடுத்த வருடம் கம்பெனியில் தானியங்கி பெயின்ட் மெஷின் வந்தது. கான்ட்ராக்ட் முடிந்தது. ஆரணியிலேயே மாமியார் வீட்டு வாசலில் கொட்டகை போட்டு, பைக்குகளுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்றார். “சமையக்கட்டு அங்கயே கீது சாரு. நான்தான் தேவையில்லாம இங்க தேடிக்கினு இருந்தேன்.” அவர் சொன்ன விதத்தில் வருத்தம் இருந்ததா என்று எவ்வளவு சாய்த்துப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

பாயின் வண்டியில் சாமான் ஏறியது. ரோபோவை மட்டும் தூக்கி வந்து என் வாசலில் நிறுத்தி, அதன் கையைக் கதவோடு பொருத்தி வைத்தார்.

“உன் கதவு காத்துல அடிச்சிக்கினே கீது. இது புடிச்சிக்கும்.”

“விட்டுட்டா போறீங்க?”

“படத்துல அது கப்பல்ல ஏறாதே சாரு” என்றார். வண்டி கிளம்பிவிட்டது.

இரண்டு நாள் கழித்து ரோபோவைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். இடது கைக்குக் கீழே நூலில் கட்டித் தொங்கியது, எங்கள் கம்பெனி மஞ்சள் சீட்டு. அவருடைய கோணல் எழுத்தில் இப்படி இருந்தது: ‘குறை: கட்டை விரல் ரேகை. படத்தில் இல்லை. உபயோகத்துக்குக் கெடுதல் இல்லை. ஏற்கலாம்.’ கீழே கையெழுத்து. பெற்றவர்கள் வைத்த பெயரை அன்றுதான் நான் முதல் தடவையாகப் படித்தேன்.

நான் மூன்று வீடு மாறிவிட்டேன். எல்லா வீட்டிலும் வாசல் கதவை அந்த ரோபோதான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாம், “இதுக்கு நல்லதா ஒரு பெயின்ட் அடிக்கக் கூடாதா?” என்று கேட்கிறார்கள். அடிப்பதாக இல்லை. என்னை என் குறையோடு சேர்த்து ஏற்றுக்கொண்டதாக ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டு, அதன் கைக்கு அடியில்தான் இருக்கிறது.